தக்காளி இலைச்சுருள் நோயும் வெள்ளை ஈயும்

பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள ரஸ்ஸல் மார்க்கெட்டில் விற்பனையாகும் காய்கறிகளுள் தக்காளிக்கு என்றும் இடமுண்டு. பெங்களூர்ச் சந்தைகளுக்குத் தக்காளி அனுப்பும் பகுதிகளுள் முக்கியமானது கோலார் மாவட்டம். 1999-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்துத் தக்காளி வயல்களில் இலைச்சுருள் நோய் கடுமையாகப் பரவியது. நுனியிலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டன, செடிகள் குட்டையாகிப் புதர்போல் நின்றன, காய்ப்பு அருகியது.

இந்நோய் புதியதன்று. இதனை உண்டாக்கும் வைரஸ் நோயைப் பற்றி 1948-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் ஆராய்ச்சிக் குறிப்பு வெளியாயிற்று. அங்ஙனமாயின் 1999-இல் நேர்ந்த மாறுதல் யாது? நோயைச் சுமந்து செல்லும் பூச்சியே மாறியிருந்தது. பெமிசியா டபாசி என்னும் வெள்ளை ஈயின் ‘பி’ வகை, வெளிநாட்டிலிருந்து வந்து கோலாரில் குடியேறியிருந்தது ஆராய்ச்சியில் தெரியவந்தது. உள்ளூர் வகையைவிட இது தக்காளியில் மிகுதியாகப் பெருக வல்லது.

நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும் ஈயின் உடலில் வைரஸ் புகுகிறது. சில மணி நேரம் சென்றபின் அந்த ஈ நல்ல செடிகளுக்கு நோயைப் பரப்பும் ஆற்றல் பெறுகிறது. கர்நாடகத்தில் பிப்ரவரி முதல் மே வரையுள்ள கோடைப் பயிரில் ஈக்கள் பெருகுவதால், நோய் வயல் முழுவதையும் பற்றுவதுண்டு.

‘பி’ வகை ஈ வந்துள்ளதைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. அதன் குஞ்சுகள் உறிஞ்சும் பூசணிக் கொடியின் புதிய இலைகள் வெள்ளிபோல் வெளுக்கின்றன. பள்ளித் தோட்டத்தில் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் காட்டலாம்.

இளஞ்செடியில் தொற்றும் நோயே பெருநஷ்டம் தருவது. காய்ப்பு முற்றியபின் தொற்றினால் இழப்பு குறைவு. ஆதலின் பாதுகாப்பு நாற்றங்காலிலேயே தொடங்கவேண்டும். நாற்றுகளை நெருங்கிய கண்ணுடைய நைலான் வலைக்குள் வளர்த்தல், வயலைச் சுற்றி முன்னதாகவே மக்காச்சோளம் விதைத்தல், நட்ட சில வாரங்களுக்குள் சுருளும் செடிகளைப் பிடுங்கி அழித்தல், அறுவடை முடிந்த பழஞ்செடிகளை நிற்கவிடாதிருத்தல் ஆகியவை கைக்கொள்ளத் தக்கவை. மருந்துத் தெளிப்பை மட்டும் நம்புதல் பயன் தராது. ஈ மடிவதற்கு முன்பே நோயைப் புகுத்திவிடக்கூடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் ஈக்கள் அதனை எதிர்க்கும் திறனையும் பெறுகின்றன.

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தி, சங்கராந்தி, வைபவ் ஆகிய ரகங்களும், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு ரகமும் இந்நோயைத் தாங்கி விளைபவை. எனினும் இவற்றின் நாற்றுகளையும் வலைக்குள் வளர்ப்பதே நலம்.