லுக்லாவில் லேண்டிங்... 527 மீட்டர்தான் ரன்வே!

2020-ல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் கேமில், நேபாளத்தின் லுக்லாவுக்குப் பறப்பது கொள்ளை அழகு. பனி மூடிய சிகரங்கள், கீழே தூத்கோசி ஆற்றுப் பள்ளத்தாக்கு என ரசித்துக்கொண்டே போகலாம். இறங்கும்போதுதான் இருக்கிறது சோதனை!

எவரெஸ்ட் பயணிகளின் நுழைவாயிலான இந்த விமான நிலையம், சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரன்வேயின் நீளமோ வெறும் 527 மீட்டர். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலை. அதனால், கடைசி நேரத்தில் மறுபடி மேலேறித் தப்பிக்க முடியாது.

ரன்வே ஏற்றமாக இருப்பதால், இறங்கிய விமானத்தின் வேகம் சீக்கிரம் குறையும். ஆனால், அந்த ஏற்றமே கண்ணையும் ஏமாற்றும். அதிக உயரத்தில் வருவதாக நினைத்து விமானத்தைத் தாழ்த்தினால், ரன்வேயின் விளிம்பில் மோத வேண்டியதுதான்.

கேமில் மோதினால், மறுபடி முதலிலிருந்து ஆடலாம். நிஜ லுக்லாவில் விமானிக்கு ஒரே வாய்ப்புதான்.