'டக் டக்' என்கிறது, கார் கிளம்பவில்லையா?

குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால் நாம் பதறுவதில்லை. காஸ்கெட் தேய்ந்திருக்கிறதா, வெயிட்டில் அடைப்பா, தண்ணீர் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஆனால் காரின் சாவியைத் திருப்பியதும் 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும் வந்து, எஞ்சின் அசையாமல் இருந்தால் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கி நிற்க வேண்டிய அவசியமே இல்லை, சகோதரிகளே! இதுவும் குக்கர் மாதிரிதான். வரிசையாகப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

என் தகப்பனார் பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான்: "முதல்ல சத்தத்தை எண்ணு. அப்புறம் விளக்கைப் பாரு. அதுக்கப்புறம்தான் ஸ்பானரைத் தொடணும்."

அந்தச் சத்தம் என்ன?

ஒரு காலத்தில் காரைக் கிளப்ப முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் கை எலும்பே முறியும். 1911-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். அது 1912-ம் வருஷத்து காடிலாக் கார்களில் வந்தது. தோள் பலம் இல்லாதவர்களும் தனியாகக் கார் எடுத்துப் போக வழி பிறந்தது.

நாம் சாவியைத் திருப்பினால் சிறிதளவு மின்சாரம் 'சோலனாய்டு' என்ற பாகத்துக்குப் போகிறது. அது உள்ளே இருக்கும் ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்த இழுப்பின் ஓசைதான் 'டக்'. தண்டு போய்ச் சேர்ந்ததும் பெரிய மின் இணைப்பு மூடிக்கொள்ள, ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது. அதற்கு நூறு ஆம்பியருக்கு மேலேயே மின்சாரம் வேண்டும். ரேடியோவும் விளக்கும் எரிகிறதே என்று பாட்டரியை நம்பிவிடக்கூடாது. விளக்குக்குப் போதும் சக்தி, மோட்டாருக்குப் போதாது.

சத்தத்தை எண்ணுங்கள்

தையல் மிஷின் மாதிரி 'டக்டக்டக்டக்' என்று விடாமல் வந்தால், பெரும்பாலும் பாட்டரியில் சக்தி குறைவு. இல்லையென்றால் பாட்டரி முனைகளில் இணைப்பு சரியில்லை. சோலனாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்டதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதனால்தான் அந்தப் படபடப்பு.

ஒரே ஒரு 'டக்' வந்து நின்றுவிட்டால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கினால் முதல் சந்தேகம் பாட்டரி மேலும் அதன் இணைப்புகள் மேலும்தான். வெளிச்சம் குறையாமல் இருந்தால் பாட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். சோலனாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்குப் போகும் தடித்த ஒயர் பக்கம் கோளாறு. அது மெக்கானிக் வேலை.

சத்தமே இல்லையா? ஆட்டோமேடிக் வண்டியாக இருந்தால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சை முழுக்க அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். பட்டன் வண்டி என்றால் சாவிக்குள் இருக்கும் குட்டி பாட்டரியும் தீர்ந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் கணவருக்கு ஓமானில் வேலை. என் மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ். காலை ஆறு மணி ஷிப்ட், நாலு மணி நேரம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு அவரைக் காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். 'டக்டக்டக்.'

"ஏம்மா, இன்னிக்குப் போகாட்டி நாளைக்குப் போயிக்கலாமா?" என்று கேட்டார். ஆனால் அவர் கால் வீக்கம் எனக்குத் தெரியும். ஒரு தடவை தள்ளிப்போனபோது உடம்பில் நீர் கோர்த்து, ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியதும் தெரியும்.

"நாளைக்கெல்லாம் வேண்டாம் அத்தை. அஞ்சே முக்காலுக்குள்ள வண்டி எடுக்கலைன்னா டாக்ஸியைக் கூப்பிட்டுடறேன்" என்றேன்.

வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ஸ்டார்ட்டர் போயிருக்கும்மா. பாட்டரியும் சேர்த்து மாத்திடலாம். ஒன்பது மணிக்கு ஆள் அனுப்பறேன்" என்றார். வண்டியைப் பார்க்காமலேயே இரண்டு பாகத்துக்குக் கணக்குப் போட்டாயிற்று!

ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் வெளிச்சம் செத்துப்போயிற்று. ஆக, ஸ்டார்ட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பானெட்டைத் திறந்தேன். மைனஸ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. கிளாம்பை அசைத்தால் கையோடு சுற்றியது. சாவியை எடுத்துவிட்டு, கிளாம்பைக் கழற்றிப் பழைய துணியால் அழுத்தித் துடைத்து, பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். அடுத்த திருப்பலில் எஞ்சின் கிளம்பிற்று. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அத்தை படுக்கையில் இருந்தார். அந்த ஸ்டார்ட்டர் இன்றைக்கும் அதேதான்.

தொடுவதற்கு முன்னால்

* வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளஸ் முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே தங்க வளையல் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பின்னலை முடிந்துகொள்ளுங்கள்.

* பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி பக்கத்திலேயே கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

* கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ். இதை மட்டும் மறக்காதீர்கள்.

* பூத்திருக்கும் உப்பைப் போக்க ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். பொங்கி அடங்கும். கரைசல் பாட்டரிக்குள் போகக்கூடாது. துடைத்து உலர்ந்தபின் இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள்.

இன்னொரு காரின் உதவி

பாட்டரி தீர்ந்துதான் போயிருந்தால் ஜம்பர் கேபிள் போடலாம். இரண்டும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டு எஞ்சினும் அணைந்திருக்கட்டும். சிவப்பின் ஒரு முனை தீர்ந்த பாட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பாட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பாட்டரியின் மைனஸில், மறுமுனை நம் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பில், பாட்டரியைவிட்டுத் தள்ளி. உங்கள் காரோடு வந்த புத்தகத்தில் வேறு இடம் காட்டியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். நல்ல வண்டியைக் கிளப்பிச் சில நிமிஷம் விட்டு நம் வண்டியை எடுக்க வேண்டும். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில். பாட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஒழுகினாலோ கேபிளே போடக்கூடாது.

கிளம்பிய பிறகு, மல்டிமீட்டர் இருந்தால் பாட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8-லிருந்து 14.5 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் பாட்டரிக்குச் சக்தி ஏற்றுகிறது. 12-லேயே நின்றால் கோளாறு அங்கேதான். புதுப் பாட்டரி போட்டாலும் அதுவும் தீர்ந்துவிடும்! வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான்.

வருமுன் காப்போம்

நம் ஊர் வெயில் பாட்டரிக்குப் பகை. மூன்று நான்கு வருஷம் ஆகிவிட்டால், கடையில் கொடுத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடும் வண்டியை வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். இறங்கும்போது உள் விளக்கையும் கதவுகளையும் பார்த்துவிடுங்கள். காலையில் எஞ்சின் வழக்கத்தைவிட மந்தமாகச் சுற்றினால் அதை அலட்சியம் பண்ணாதீர்கள். பாட்டரி தரும் முன்னறிவிப்பு அது.

டிக்கியில் ஒரு ஸ்பானர், ஜம்பர் கேபிள், டார்ச், பழைய துணி, பல் பிரஷ் இருக்கட்டும். நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீடாக இருந்தால் ஒரு டாக்ஸிக்காரரின் எண்ணையும் கைவசம் வைத்திருங்கள். அவசரம் என்றால் 108 இருக்கிறது. அப்போது பானெட்டைத் திறந்துகொண்டு நிற்க வேண்டாம். மெக்கானிக்கிடம் பேசும்போது "வண்டி போகலை" என்று மட்டும் சொல்லாமல், "விடாமல் டக்டக் சத்தம், லைட் மங்குது, முனையெல்லாம் துடைச்சாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். தேவையில்லாத பாகத்துக்குப் பில் வருவது பாதி குறைந்துவிடும்.