பொன்னுக்கு வீங்கியும் பிள்ளைப் பாக்கியமும்



கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை என்றால், நம் லயங்களில் முதலில் யாரைக் குறை சொல்கிறோம்? மருமகளைத்தான். நேர்த்திக்கடனும் நாட்டு மருந்தும் அவளுக்கே. "மகனையும் சோதித்துப் பார்ப்போமே" என்று யாரும் வாய் திறப்பதில்லை. உண்மை என்னவென்றால், இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அதில் ஒன்றுதான் கூவக்கட்டு என்றும் பொன்னுக்கு வீங்கி என்றும் நாம் சொல்லும் நோய்.

நோய் எப்படி வருகிறது?

இது வைரஸ் கிருமியால் வருவது. இருமல், தும்மல், எச்சில் பட்ட கிளாஸ் வழியாகப் பரவும். கிருமி தொற்றி 16 முதல் 18 நாளில் காய்ச்சலும் காதுக்குக் கீழே வீக்கமும் வரும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடியும் என்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் வீக்கம் வடிவது சங்கிலியால் அல்ல, உடம்பே கிருமியை ஜெயிப்பதால்தான்.

ஆண்களுக்கு ஏன் ஆபத்து?

சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். வயதுக்கு வந்த ஆண்களுக்கு வந்தால்தான் கவனம் தேவை. தடுப்பூசி போடாத 100 ஆண்களுக்கு இந்நோய் வந்தால், 15 முதல் 30 பேருக்கு அது விதையையும் தாக்கும். முக வீக்கம் கண்டு நாலு முதல் எட்டு நாளில், "சரியாகிவிட்டது" என்று நினைக்கும் நேரத்தில், மறுபடி காய்ச்சலும் குளிரும் வரும். விதை வீங்கித் தாங்க முடியாமல் வலிக்கும்.

விதையைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்று உண்டு. அது விரிந்து கொடுக்காது. தேங்காய் ஓட்டுக்குள் பருப்பு வீங்கினால் ஓடு விரியுமா? அதுபோல உள்ளே அழுத்தம் ஏறி, விந்தணுவை உண்டாக்கும் மெல்லிய குழாய்கள் நசுங்கும். குணமான பிறகு சிலருக்கு விதை சிறுத்தும் போகும்.

இன்னொன்று உஷ்ணம். விந்தணு வளர உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவான சூடு வேண்டும். அதனால் எந்தக் கடுங்காய்ச்சலும் விந்தணுவைச் சில காலம் குறைக்கும். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால், பெரும்பாலும் மூன்று மாதத்தில் நிலைமை சீராகும்.

பயப்பட வேண்டாம்

பெரும்பாலோருக்கு ஒரு விதைதான் பாதிக்கப்படும். மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பாதிக்கப்பட்டாலும் முழு மலட்டுத்தன்மை அபூர்வமே. விந்தணு குறைவதும் ஆண்மை குறைவதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் வைத்தியரிடம் வர வெட்கப்படுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

1. எம்.சி. எடுத்துப் படுத்து ஓய்வெடுங்கள். வீக்கம் கண்ட நாளிலிருந்து 5 நாள் மற்றவர்களோடு சேராமல் இருங்கள்.

2. இறுக்கமான உள்ளாடை அணிந்து விதையைத் தாங்கலாக வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். சுடு ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுதல் கூடாது.

3. வலிக்குப் பெனடோல் அளவோடு சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸைக் கொல்லாது.

4. முகத்தில் வீக்கமே இல்லாமல் திடீரென்று விதை வலித்தால், அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விதையை இழக்க நேரிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தடுப்பூசியும் பரிசோதனையும்

2002 முதல் நம் நாட்டில் இந்நோய்க்கான தடுப்பூசி, தட்டம்மை ஊசியோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. இப்போது 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடுகிறார்கள். தவற விடாதீர்கள். போடாமல் விட்டுப்போன வாலிபர்களும் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை உண்டாகாவிட்டால், கணவன் மனைவி இருவருமே அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ எல்.பி.பி.கே.என். கிளினிக்குக்கோ போங்கள். ஆணுக்கு விந்துப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்தால் போதும். வாலிபத்தில் கூவக்கட்டு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தோழர்களே, பால் குறைந்தால் மரத்தைப் பார்க்கிறோம், வெட்டையும் பார்க்கிறோம். வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு பக்கமே பார்க்க வேண்டும்?