காது பதம் பிரிக்கிறது

பாட்டு வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் முப்பது தெலுங்குக் கீர்த்தனைகளாவது பாடமாகியிருக்கும். ஒன்றிலும் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாது. நோட்டில் தமிழ் எழுத்தின் தலைமேல் சின்னச் சின்ன எண்கள் இருக்கும். க மேல் 3 என்றால் கங்கையின் க. த மேல் 4 என்றால் தர்மத்தின் த. அந்த எண்களைப் பார்த்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டோம். யாரும் அர்த்தம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில், காவிரிக் கரையில், நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து அமர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். நாட்டை ராகத்தில் உள்ள முதல் கீர்த்தனை சமஸ்கிருதம். கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய மற்ற நான்கும் தெலுங்கு. புத்தகம் பார்க்காமல் பாடுகிற தமிழர்கள் அங்கே ஏராளம். அவர்களில் பலருக்கு ஒரு தெலுங்குக் கடையில் தண்ணீர் கேட்டு வாங்க வராது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் கண்முன் இருக்கிறது. கொரியத் தொடர்களையும் பாட்டுகளையும் விடாமல் கேட்டு, அந்த மொழியில் நாலு வாக்கியம் பேசுகிற கல்லூரிப் பிள்ளைகளை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். 2021இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடர் வெளிவந்த இரண்டு வாரங்களில், பிரிட்டனில் தங்களிடம் புதிதாகக் கொரிய மொழி கற்க வந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 76 சதவீதம் கூடிவிட்டதாக டூயோலிங்கோ நிறுவனம் சொன்னது. கேட்டுக் கேட்டே மொழி வரும் என்றால் எனக்கு ஏன் தெலுங்கு வரவில்லை? பல காலம் என்னை அரித்த கேள்வி இது. விடை தேடிப் போனால் அது நம் காதின் உள்ளே கொண்டுபோய் விடுகிறது.

ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, புள்ளியும் கிடையாது. எழுத்துகள் சங்கிலியாக ஓடும். பொருள் தெரிய வேண்டுமானால் முதலில் பதம் பிரிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஆயுளைக் கொடுத்துச் செய்த வேலை அது. தெரியாத மொழி பேசப்படுவதைக் கேட்கிற காதும் இதே நிலையில்தான் இருக்கிறது. நாம் எழுதும்போது இடம் விடுகிறோம், பேசும்போது விடுவதில்லை. ஒலிப்பதிவை வரைபடமாக்கிப் பார்த்தால் சொற்களின் நடுவே மௌனம் பெரும்பாலும் இருக்காது. தெரிந்த மொழியில் நமக்குக் கேட்கிற இடைவெளி நம் மூளை போட்டுக்கொடுப்பது. அயல்மொழிக்காரர்கள் எல்லாரும் படுவேகமாகப் பேசுவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஒரு சொல்லும் தெரியாத குழந்தை எப்படிப் பதம் பிரிக்கிறது? 1996இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் எட்டு மாதக் குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். மூன்று அசைகள் கொண்ட, பொருளற்ற நான்கு சொற்கள். கணினிக் குரலில், ஏற்ற இறக்கமோ நிறுத்தமோ இல்லாமல், மாற்றி மாற்றி இரண்டே நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். பிறகு அந்தச் சொற்களையும், அதே அசைகளை வேறு வரிசையில் கோத்த போலிகளையும் ஒலித்தபோது, குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்திக் கேட்டன. போலிகளைப் புதுசாக நினைத்து அதிக நேரம் கவனித்தன. முறை எளிமையானது. ‘தக்காளி’ என்பதில் ‘தக்’ வந்தால் அநேகமாக ‘கா’ வரும், ‘கா’வுக்குப் பிறகு ‘ளி’ வரும். ‘ளி’க்குப் பிறகு என்ன வரும் என்று சொல்ல முடியாது, சோறு, வாங்கு, எங்கே, எதுவும் வரலாம். ஊகம் தடுமாறும் அந்த இடம்தான் சொல்லின் எல்லை. தொட்டிலில் கிடக்கிற குழந்தை இந்தக் கணக்கை ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.

மெட்டு உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். டானியேல் ஷோனும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட சோதனையில், பிரெஞ்சு பேசும் பெரியவர்களுக்குப் பொருளற்ற ஆறு சொற்களை ஏழு நிமிடம் இடைவிடாமல் ஒலிக்கவிட்டார்கள். பேச்சாகக் கேட்டவர்களால் சொற்களை இனம் காண முடியவில்லை. நாணயம் சுண்டிச் சொன்னது போலத்தான் விடை வந்தது. அதே அசைகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் கொடுத்துப் பாட்டாகக் கேட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 64 முறை சரியாகச் சொன்னார்கள். சொல் முடியும் இடத்தில் சுரமும் தாவும்போது காதுக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்துவிடுகின்றன.

அடுத்த படி நினைவு. எடின்பரோவில் கேரன் லட்கேயும் சகாக்களும் அறுபது பேருக்கு இருபது ஹங்கேரியத் தொடர்களைப் பதினைந்து நிமிடத்தில் கற்பித்தார்கள். ஒரு குழு கேட்டுப் பேசியது, இன்னொன்று தாளத்தோடு சொன்னது, மூன்றாவது பாடியது. ஹங்கேரியத் தொடரை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டிய தேர்வுகளில் பாடியவர்களே முன்னே நின்றார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது. வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் இழுத்து ராகம் போட்டுப் படித்த தலைமுறைக்கு இதில் வியப்பு இருக்காது. பாட்டுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. ஒரே உரையை யாரும் நாற்பது முறை கேட்க மாட்டார்கள். பாட்டை நானூறு முறை கேட்போம். அணைத்த பிறகும் அது மண்டைக்குள் தானாக ஓடும். குளிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பாடம் நடந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் பாட்டு ஒலியை வளைக்கவும் செய்கிறது. பிரெஞ்சுப் பேச்சில் விழுங்கப்படும் சொல்லிறுதி உயிரொலி பாட்டில் முழு அசையாக ஒலிக்கும். மாண்டரின் சீனத்தில் தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். ஆனாலும் அந்த மொழியின் இன்றைய பாட்டுகளில் மெட்டு பெரும்பாலும் தொனியைப் பொருட்படுத்துவதில்லை. கேண்டனீஸ் பாடலாசிரியர்களோ, மெட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தொனி பொருந்துகிற சொல்லாகத் தேடிப் பிடித்து எழுதுகிறார்கள். ஒரே நாட்டின் இந்த இரண்டு மொழிகளையும் பாட்டால் கற்கப் போனால் காதுக்குக் கிடைக்கும் பயிற்சி ஒன்றாக இருக்காது. தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு: படத்துக்கும் பாடத்துக்கும் வேறுபாடு குறிலும் நெடிலும்தான், பாட்டிலோ குறிலும் நீளும்.

இதைவிடப் பெரிய குறை பொருள். சியாட்டிலில் பாட்ரிஷியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர்கள் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரினின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே கதை, ஆனால் திரையில் மட்டும் என்றபோது எதுவும் ஏறவில்லை. முகம் பார்த்து, கை நீட்டிக் காட்டிப் பேசுகிற ஆள் வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு அந்த ஆளின் வேலையைக் கொஞ்சம் எழுத்து செய்யும். எந்த எழுத்து என்பதில் இருக்கிறது சூட்சுமம். நெதர்லாந்தில் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஆங்கிலக் காட்சிகளைப் போட்டார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்தப் புது உச்சரிப்பு பழகியது. முன்பு கேளாத வாக்கியங்களும் பிடிபட்டன. டச்சு சப்டைட்டில் பார்த்தவர்களுக்குப் புது வாக்கியங்களில் அது இடைஞ்சலாகவே முடிந்தது. தாய்மொழி எழுத்து கதையைச் சொல்லிவிடுகிறது, ஆனால் காதில் விழுவது ஒன்று, கண்ணில் படுவது ஒன்றாகிவிடுகிறது. கேட்கிற மொழியிலேயே எழுத்தும் ஓடினால் கண் பதம் பிரித்துக் காதுக்குக் கொடுக்கும்.

இதை அனுபவத்தில் கண்டவர் பிரிஜ் கோத்தாரி. 1996இல் அமெரிக்காவின் இத்தாக்காவில் ஸ்பானியம் கற்றுக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்பானியப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தார். எழுத்தும் ஸ்பானியத்திலேயே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அங்கிருந்து அவர் மனம் இந்தியாவுக்குத் தாவியது. இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே வரி ஓடினால், எழுத்துக்கூட்டத் திணறுகிறவர்கள் பாடிக்கொண்டே படிப்பார்களே! 1999இல் குஜராத்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் தொடங்கி, பிறகு தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ வரை அது வந்தது. அயல்மொழி மாணவர் ஒருவரின் சின்ன ஆசை எழுத்தறிவு இயக்கமாக வளர்ந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர் வழியைப் பார்த்துத்தான் என் பழைய நோட்டை மறுபடி எடுத்தேன். முதலில் தெலுங்கு எழுத்தைக் கற்றேன். பிறகு பொழிப்புரையோடு கூடிய கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை வாங்கி, மனப்பாடமாக இருந்ததை வரிவரியாகப் பதம் பிரித்தேன். ‘நன்னு’ என்றால் என்னை. ‘நின்னு’ உன்னை. ‘நாக்கு’ எனக்கு. ‘லேது’ இல்லை. இத்தனை ஆண்டுகள் ராகமாக மட்டுமே உள்ளே கிடந்த ஒலிகள் ஒவ்வொன்றாகச் சொற்களாயின. புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. கிடங்கு நிறைந்திருந்தது, பெயர்ச்சீட்டுத்தான் ஒட்டப்படாமல் இருந்தது. ஆனால் காப்பாற்று என்பதற்குக் கீர்த்தனையில் கற்ற சொல்லைக் காய்கறிக் கடையில் சொல்ல முடியாது. பாட்டு தெய்வத்திடம் பேசுகிற மொழி. தக்காளி விலைக்குச் சினிமா வேண்டியிருந்தது, சினிமாவுக்குப் பிறகு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள்.

போன ஆண்டு விஜயவாடா போகும் ரயிலில், எதிர் இருக்கைப் பாட்டியிடம் ஒருவர் ஏதோ ஒரு ஊர் எப்போது வரும் என்று கேட்டார். பாட்டி தலையாட்டி, ‘நாக்கு தெலியது’ என்றார். எனக்குத் தெரியாது. இரண்டு சொல்லும் தனித்தனியாக, நடுவில் வெளிச்சமான ஓர் இடைவெளியோடு என் காதில் விழுந்தன. தேனுகா ராகத்தில் தியாகராஜர் செய்த ஒரு கீர்த்தனை அந்த இரண்டாவது சொல்லின் வேரிலிருந்துதான் தொடங்குகிறது; நம் ‘தெளி’க்கும் அது உறவு. பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குள் தேனுகா ஓடத் தொடங்கியிருந்தது.