ஊடுகதிரும் தோல் புண்ணும்



நெஞ்சுவலி கண்ட ஒருவருக்கு இருதய இரத்தக் குழாயில் அடைப்பு. கை வழியாகவோ தொடை இடுக்கு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, மருத்துவர்கள் அடைப்பை நீக்குகிறார்கள். அவர் நலமாக வீடு திரும்புகிறார். இரண்டு வாரம் கழித்து, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே தோல் சதுரமாகச் சிவக்கிறது. பூச்சிக்கடியோ, படையோ என்று வீட்டார் களிம்பு தடவுகிறார்கள். ஆனால் காரணம் அந்தச் சிகிச்சையாகவே இருக்கலாம்.

குழாய் எங்கே போகிறது என்பதை மருத்துவர் எக்ஸ்ரே கதிரால் திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். சாதாரண நெஞ்சுப் படம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். இதிலோ கதிர் பல நிமிடங்கள், சிக்கலான அடைப்பானால் ஒரு மணிக்கும் மேல் பாயக்கூடும். கதிர் பெரும்பாலும் படுக்கைக்குக் கீழிருந்து வருவதால் முதுகுத் தோலே அதை முதலில் ஏற்கிறது. அப்போது சூடும் தெரியாது, வலியும் தெரியாது.

பிறகு ஏன் தாமதமாகச் சிவக்கிறது? பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். கத்தி ஆழமாக இறங்கி, பட்டையை வளர்க்கும் உள்படையைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை சரியாக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். நம் தோலிலும் புதுத்தோலை உண்டாக்கும் அடிப்படை ஒன்று உண்டு. கதிர் அதைத் தாக்குகிறது. மேல்தோல் உதிரும்போதுதான் குறை வெளிப்படுகிறது.

தோல் ஏற்கும் கதிரை 'கிரே' என்னும் அலகால் அளக்கிறார்கள். 2 கிரே அளவில், சில மணி நேரத்தில் தோல் சிவந்து மறையலாம். 6 கிரே அளவில், சுமார் 10 நாளில் மீண்டும் சிவக்கலாம். அதற்கு மிகவும் மேலே போனால் ஆறாத புண் உண்டாகி, வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியும் வரலாம்.

எக்ஸ்ரே 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிரால் கைகள் புண்ணாகி 1904இல் இறந்தார். குழாய்ச் சிகிச்சையில் ஏற்படும் தோல் காயம் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994இல் மருத்துவர்களை எச்சரித்தது.

நாம் செய்யவேண்டியது என்ன? முன்பு இத்தகைய சிகிச்சை செய்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பருமனான உடலினரும் நீரிழிவு உள்ளவர்களும் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். சிகிச்சை முடிந்ததும், "கதிர் அதிகமாகப் பட்டதா?" என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் முதுகைப் பார்க்கட்டும். சிவந்தால் சொறிய வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே செல்லுங்கள். வேறு மருத்துவர் சோதனைக்காகத் தோலை வெட்ட முனைந்தால், முதலில் நடந்த சிகிச்சையைச் சொல்லுங்கள். அந்த வெட்டே ஆறாத புண்ணாகலாம்.

இக்காயம் அரிதானது. இதற்குப் பயந்து உயிர் காக்கும் சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள். சிகிச்சையையும் பெறுவோம், முதுகையும் பார்த்துக்கொள்வோம்.