"என்ன குழந்தை?": பதில் சொல்ல அவசரம் எதுக்கு?

பிரசவ வார்டு வாசல்ல சொந்தக்காரங்க கேட்கிற முதல் கேள்வி, "என்ன குழந்தை?" சில சமயம் டாக்டராலேயே உடனே பதில் சொல்ல முடியாது. பிறப்புறுப்பு வழக்கமான ஆண் மாதிரியும் இருக்காது, பெண் மாதிரியும் இருக்காது. வெளியில வழக்கம்போல இருந்து, குரோமோசோமோ உள்ளுறுப்போ வேற மாதிரி இருக்கறதும் உண்டு. இப்படிப் பல நிலைகளுக்கும் சேர்த்து இன்டர்செக்ஸ்னு பேர், தமிழ்ல ஊடுபால். திருநங்கை, திருநம்பிங்கறது வேற. அது ஒருத்தர் தன்னை யாரா உணர்றார்ங்கறது. இது பிறந்த உடம்போட அமைப்பு.

இங்க ரெண்டு முடிவு இருக்கு. குழந்தையை ஆணா வளர்க்கறதா பெண்ணா வளர்க்கறதான்னு முடிவு பண்ணிப் பேர் வைக்கறது ஒண்ணு. அதுக்கு ஏத்த மாதிரி உடம்பை ஆபரேஷன் பண்ணி மாத்தறது இன்னொண்ணு. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, முதலாவதுக்கு ரோல்பேக் இருக்கு. பேரை மாத்தலாம், சான்றிதழை மாத்தலாம், கொஞ்சம் அலையணும், அவ்வளவுதான். ரெண்டாவதுக்குக் கிடையாது. எடுத்த திசு திரும்ப வராது. தொடு உணர்ச்சி போயிடலாம், குழந்தை பெத்துக்கற வாய்ப்பும் போயிடலாம்.

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் பச்சைக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செஞ்சாங்க? 1950-கள்ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இருந்த ஜான் மணிங்கற உளவியலாளர் சொன்ன கருத்துதான் பெரிய காரணம். சின்ன வயசுலயே உடம்பைச் சரிபண்ணி, உறுதியா ஒரு பாலா வளர்த்தா, குழந்தை அப்படியே ஆயிடும்னார். அதுக்கு அவர் காட்டின சாட்சி டேவிட் ரைமர். டேவிட் இன்டர்செக்ஸ் கிடையாது. கனடாவுல 1965-ல பிறந்த இரட்டை ஆண் குழந்தைகள்ல ஒருத்தர். முன்தோல் நீக்கற ஆபரேஷன்ல ஆணுறுப்பு கருகிப்போச்சு. மணியோட ஆலோசனைப்படி பெண்ணா வளர்த்தாங்க. மணி அதை வெற்றின்னு எழுதினார். ஆனா அந்தக் குழந்தைக்கு அது ஒட்டவே இல்ல. உண்மை தெரிஞ்சதும், பதின்ம வயசுலயே ஆணா வாழ ஆரம்பிச்சுட்டார். 1997-ல மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் இதைக் கட்டுரையா வெளியிட்டப்பதான் மருத்துவ உலகத்துக்கே தெரிஞ்சது. 2004-ல, 38 வயசுல, டேவிட் தற்கொலை செஞ்சுகிட்டார்.

இன்னொரு உதாரணம் டொமினிகன் குடியரசுல சலினாஸ் கிராமமும் அதோட சுத்துவட்டாரமும். அங்க சில குடும்பங்கள்ல, எக்ஸ்-ஒய் குரோமோசோம் உள்ள குழந்தைகள் பார்க்கப் பெண் மாதிரியே பிறந்தாங்க. டெஸ்டோஸ்டிரோனை இன்னொரு ஹார்மோனா மாத்தற என்சைம் குறைவு. பருவ வயசுல டெஸ்டோஸ்டிரோன் ஏறினதும் குரல் உடைஞ்சு, உடம்பு ஆணா மாறும். பெண்ணா வளர்ந்த 18 பேரைப் பத்தி 1979-ல ஒரு ஆய்வு வந்தது. அதுல 17 பேர் தங்களை ஆணாவே உணர்ந்தாங்க. குழந்தையிலேயே வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்காக எல்லாருமே மாறிடுவாங்கன்னு எடுத்துக்காதீங்க. அட்ரினல் சுரப்பிக் கோளாறோட பிறக்கற எக்ஸ்-எக்ஸ் குழந்தைகள்ல பெரும்பாலானவங்க பெண்ணாவே உணர்றாங்க, சிலர் மட்டும் வேற மாதிரி. எந்தக் குழந்தை எந்தப் பக்கம்னு தொட்டில்ல பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கோளாறுல ஒரு நிஜமான அவசரமும் இருக்கு. சிலருக்கு உடம்புல இருந்து உப்புச்சத்து இறங்கி, பிறந்த சில வாரத்துலயே உயிருக்கு ஆபத்து வரலாம். உடனே ஹார்மோன் மருந்து கொடுத்தாகணும். பிறப்புறுப்போட தோற்றத்துக்கு அந்த அவசரம் எதுவும் இல்ல.

2015-ல மால்டா இதைச் சட்டமாக்குச்சு. நம்ம ஊர்ல 2019 ஏப்ரல்ல, மதுரை உயர்நீதிமன்றக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஒரு திருநங்கையோட கல்யாணப் பதிவு வழக்குல தீர்ப்பு சொல்லும்போதே, இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்கான இந்த ஆபரேஷனைத் தடுக்கச் சொன்னார். அதே ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு: உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மத்ததுக்குத் தடை. ஆனா இது அரசாணைதான், தமிழ்நாட்டோட நின்னுடுது. 2019-ல வந்த மத்திய திருநர் சட்டத்துல இன்டர்செக்ஸ்ங்கற வார்த்தை இருக்கு, ஆபரேஷனுக்குத் தடை இல்ல.

உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல இப்படி ஒரு குழந்தை பிறந்து, "சீக்கிரம் முடிச்சுடலாம்"னு யாராவது சொன்னா, டாக்டர்கிட்ட இதைக் கேட்கச் சொல்லுங்க: "இப்ப செய்யலன்னா குழந்தையோட உயிருக்கு என்ன ஆபத்து? பதினெட்டு வயசுல அவங்களே கேட்டா, அப்ப செய்ய முடியுமா?"