மின்கலத்தைக் காக்கும் மின்சுற்று

திறன்பேசியில் மின்னேற்றம் தொடக்கத்தில் விரைவாக ஏறுகிறது. ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மெதுவாகிவிடுகிறது. இது பழுதன்று. கருவிக்குள் இருக்கும் சிறிய மின்சுற்று ஒன்று மின்கலத்தைக் காக்கச் செய்யும் வேலை இது.

இன்றைய திறன்பேசிகளில் லித்தியம் அயனி மின்கலம் பயன்படுகிறது. 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இதனை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. சிறிய உருவில் மிகுந்த ஆற்றலைச் சேமிப்பது இதன் சிறப்பு. அந்த ஆற்றல் கட்டுப்பாட்டை மீறினால் தீப்பற்றக்கூடும் என்பது இதன் ஆபத்து.

ஆகவே, மின்னேற்றம் இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் மின்சுற்று சீரான மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மின்னழுத்தம் அதன் உச்ச அளவை, பல மின்கலங்களில் 4.2 வோல்ட்டை, எட்டியதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அப்போது மின்னழுத்தம் மேலும் உயராமல் நிலைநிறுத்தப்படுகிறது. மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. நிரம்பப்போகும் குடத்திலிருந்து நீர் வழியாதிருக்கக் குழாயைச் சிறிது சிறிதாக மூடுவதற்கு இது ஒப்பாகும். மின்னோட்டம் மிகவும் குறைந்ததும் மின்னேற்றம் நிறுத்தப்படுகிறது.

மின்சுற்று வெப்பநிலையையும் கண்காணிக்கிறது. சூடு அதிகரித்தால் மின்னேற்றத்தைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது. எனினும், தலையணைக்கு அடியில் வைத்த கருவியின் வெப்பத்தை அதனால் வெளியேற்ற இயலாது. வீங்கிய மின்கலத்தைச் சரிசெய்யவும் இயலாது. எனவே, காற்றோட்டமான இடத்தில், சிரிம் முத்திரை பெற்ற மின்னேற்றியைக் கொண்டு மின்னேற்ற வேண்டும். வீங்கிய மின்கலத்தை உடனே மாற்ற வேண்டும். மின்சுற்றின் காவல் முடியும் இடத்தில் பயனீட்டாளரின் பொறுப்பு தொடங்குகிறது.